எம்முறை எவர்க்கு? – உளச்சிகிச்சையின் அறம் பற்றிய ஒரு நோக்கு

உடல் நோய்க்கு மருந்து கொடுப்பவன், நோயாளி எத்தகைய மனிதன் என்பதை அறியாமலே அவனைக் குணப்படுத்திவிடல் கூடும். மலேரியாவுக்கான மருந்து, அதனை உட்கொள்பவன் பக்தனா நாத்திகனா, தனியனா குடும்பத்தவனா என்று பார்த்து வேலை செய்வதில்லை. உள்ளத்தின் நோய்க்கு அளிக்கப்படும் சிகிச்சையின் இயல்பு வேறு. அதன் கருவி சொல். அது செயற்படும் களம் நோயாளியின் நம்பிக்கைகளும் உறவுகளும் நினைவுகளும் ஆகும். ஆதலால், ஒவ்வோர் உளச்சிகிச்சை முறையும் மனிதன் என்பவன் யார், நல்வாழ்வு என்பது யாது என்னும் வினாக்களுக்குரிய விடையொன்றை வெளிப்படையாகவோ மறைவாகவோ தன்னுள்ளே கொண்டிருக்கின்றது. எம்முறை எவர்க்கு உதவும் என்பது அறிவியலாளரின் வினா. எவர்மீது எம்முறையைப் பிரயோகிப்பது நியாயம் என்பது அறவியலாளரின் வினா. இவ்விரண்டையும் பிரித்து விடையளித்தல் இயலாது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உளச்சிகிச்சை முறைகள் பலவாகப் பெருகத் தொடங்கிய காலத்திலேயே அவற்றுக்கிடையே உண்மையான வேறுபாடு உண்டா என்னும் ஐயமும் தோன்றிவிட்டது. 1936ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் சோல் றொசன்சுவைக், பல்வேறு முறைகளும் ஏறத்தாழ ஒத்த பயனையே தருகின்றன என்றும், அப்பயனுக்குக் காரணம் அவையனைத்துக்கும் பொதுவான கூறுகளே என்றும் வாதிட்டார். லூயிஸ் கரோலின் கதையில் ஓட்டப் பந்தயத்தின் முடிவில் எல்லாருமே வென்றதாக அறிவிக்கும் டோடோப் பறவையை அவர் உவமையாகக் கொண்டமையால், இக்கருத்து இன்றும் ‘டோடோத் தீர்ப்பு’ எனவே வழங்குகின்றது. இதற்கு எதிரான நோக்கினை 1967இல் கோர்டன் போல் முன்வைத்தார். உளச்சிகிச்சை பயன் தருமா என்று பொதுப்படக் கேட்பதே பிழை. எந்தச் சிகிச்சை, யாரால் அளிக்கப்படும்போது, எத்தகைய பிரச்சினையுடைய எந்த மனிதனுக்கு, எச்சூழ்நிலையில் மிகுந்த பயன் தரும் என்றே கேட்டல் வேண்டும் என்பது அவர் கருத்து.

தமிழ் கற்றோர்க்கு இவ்வினா புதியதன்று. திருக்குறளின் மருந்து அதிகாரம், கற்ற மருத்துவன் நோயுற்றவனின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணியே செயற்படுதல் வேண்டும் என்று விதிக்கின்றது. உடல் மருத்துவத்தை நோக்கிக் கூறப்பட்ட இவ்விதி, உளமருத்துவத்துக்கு இன்னும் ஆழமாகப் பொருந்துவதாகும். நோய், நோயுற்றவன், காலம் என்னும் மூன்றையும் தனித்தனியே எடுத்து நோக்கின், சிறப்புச் சிகிச்சை முறைகளின் வலிமையும் எல்லையும் புலனாகும்.

நோய்

முதலில் நோயை நோக்குவோர் டோடோத் தீர்ப்பினை முற்றாக ஏற்கவியலாது. சில நோய்களுக்குச் சில முறைகளே தெளிவாக உதவுகின்றன. இதற்குச் சிறந்த சான்று பதகளிப்பு நோய்களாகும். தென்னாபிரிக்கரான ஜோசப் வோல்பி 1958இல் வெளியிட்ட நூலில், அச்சந்தரும் பொருளை மிகச் சிறிய அளவிலிருந்து படிப்படியாக எதிர்கொள்ளச் செய்து, ஒவ்வொரு படியிலும் உடலைத் தளர்த்தி அமைதியுறப் பழக்கும் முறையினை விளக்கினார். நாய்க்கோ உயரத்துக்கோ மூடிய அறைக்கோ அஞ்சுபவனிடம் அவ்வச்சம் குழந்தைப் பருவத்தில் எவ்வாறு தோன்றியதென ஆண்டுக்கணக்காக ஆராய்வதைவிட, அஞ்சும் பொருளை ஒழுங்குமுறையாக அணுகச் செய்வது விரைந்த பயனைத் தந்தது. பின்வந்த ஆய்வுகள் தளர்வுப் பயிற்சியைக் காட்டிலும் எதிர்கொள்ளலே இம்முறையின் உயிர்நாடி என்பதை உணர்த்தின.

கை கழுவியதையே நாள் முழுதும் மீண்டும் மீண்டும் கழுவுதல், பூட்டிய கதவைப் பலமுறை சென்று பார்த்தல் முதலியனவாக வெளிப்படும் எண்ணச் சுழற்சி நோயினை நோக்கினால் இக்கருத்து மேலும் தெளிவாகும். இந்நோயாளனைத் தீட்டு அல்லது ஆபத்துப் பற்றிய எண்ணமொன்று வருத்துகின்றது. கழுவியதும் அவ்வருத்தம் சற்றே தணிகின்றது. அத்தணிவே மறுமுறை கழுவத் தூண்டுகின்றது. இலண்டனில் பணியாற்றிய விக்டர் மேயர் 1966இல், நோயாளர் அஞ்சுவதைத் தொடச் செய்து, அதன்பின் கழுவாதிருக்குமாறு தடுக்கும் முறையினால் இருவர் நலமுற்றமையை எடுத்துரைத்தார். இன்றும் இந்நோய்க்குரிய உளச்சிகிச்சைகளுள் முதன்மையானதாகக் கொள்ளப்படுவது இவ்வழியில் வளர்ந்த முறையே.

இங்கு அறம் சார்ந்த ஒரு முரண் தோன்றுகின்றது. ஒருவனை அவன் மிக அஞ்சுவதைத் தொடச் செய்து, கழுவவும் விடாது அவனது நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது, அருகில் நிற்பவர்க்குக் கொடுமையாகவே தோன்றும். ‘ஒன்றும் நேராது, பயப்படாதே’ என்று பத்து முறை ஆறுதல் கூறும் தாயின் செயலே அன்பென்று தோன்றும். ஆயினும், அவ்வாறுதலும் கழுவுதலைப்போலவே கணநேரத் தணிவைத் தந்து நோயை வளர்க்கின்றது. அறிவின் துணையற்ற அன்பு நோய்க்கு உணவாகிவிடுதலை இது காட்டுகின்றது. அதேவேளை, துன்பம் தரும் இச்சிகிச்சையினை நோயாளன் தானே விளங்கி, உடன்பட்டு, தன் விருப்பால் மேற்கொள்ளும்போதுதான் அது சிகிச்சையாகின்றது. உடன்பாடின்றி அதே செயலைச் செய்தால் அது வதையாகும். முறை ஒன்றே, அறநிலை இரண்டு.

மனச்சோர்வு நோயை நோக்கும்போது நிலைமை சற்று மாறுகின்றது. ஆரன் பெக் உளப்பகுப்பாய்வில் பயின்றவர். மனச்சோர்வென்பது தன்மீதே திரும்பிய கோபம் என்னும் பிராய்டின் வழிவந்த கருத்தை நிறுவ முற்பட்டு, நோயாளரின் கனவுகளை ஆராய்ந்தபோது, அங்கே கோபத்துக்குப் பதிலாக இழப்பும் தோல்வியுமே மிகுந்திருக்கக் கண்டார். தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் நோயாளன் கொள்ளும் இருண்ட எண்ணங்களைச் சான்றுகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கப் பழக்கும் அறிகைச் சிகிச்சை இவ்வாறு உருவாகியது. மறுபுறம், ஜெரால்ட் கிளர்மனும் மர்னா வைஸ்மனும் வளர்த்த ஆளிடை உறவுச் சிகிச்சை, எண்ணங்களை விடுத்து, துக்கம், உறவுப் பிணக்கு, வாழ்க்கை நிலையில் நேரும் மாற்றம், தனிமை என்பவற்றைத் தன் பொருளாகக் கொண்டது. இரண்டுமே மனச்சோர்வைத் தணிப்பன. அண்மையில் துணையை இழந்தவர் அல்லது ஓய்வு பெற்றுத் தன் இடத்தை இழந்தவர் இரண்டாவதில் தம் கதையைக் காணலாம். எதிலும் தன்னையே குற்றவாளியாக்கும் மாணவன் முதலாவதில் தன்னைக் காணலாம். இங்கே டோடோப் பறவையின் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. தெரிவினை நிர்ணயிப்பது நோயைக் காட்டிலும் நோயுற்றவரே.

ஒரே நோயும் வயதுக்கேற்ப வேறு முறையை வேண்டுதல் உண்டு. உணவை மறுத்து உடல் மெலியும் நோயுற்றோரிடையே இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் நடத்தப்பட்டு 1987இல் வெளியான ஆய்வில், இளவயதில் நோயுற்று, நோய் நீடிக்காதிருந்தோருக்குக் குடும்பத்தினரையும் உள்ளடக்கிய சிகிச்சை, தனியாள் சிகிச்சையிலும் கூடிய பயன் தந்தது. வயதிற் கூடியோரிடம் அம்மேம்பாடு காணப்படவில்லை.

ஒரு முறையின் எல்லையை அதன் கர்த்தாவே வெளிப்படுத்திய சந்தர்ப்பமும் உண்டு. கார்ல் றொஜர்ஸ், சிகிச்சையாளரின் உண்மைத்தன்மையும் நிபந்தனையற்ற மதிப்பும் பிறர் உணர்வை உணரும் ஆற்றலுமே மாற்றத்துக்குப் போதுமானவை என்று 1957இல் எழுதினார். பல்கலைக்கழக மாணவர் முதலானோரிடையே சிறப்பாகப் பயன்பட்ட அம்முறையினை, விஸ்கொன்சினில் உளமாய நோயால் நெடுங்காலம் மருத்துவமனையிலிருந்தோரிடம் அவரும் குழுவினரும் சோதித்தனர். எதிர்பார்த்த அளவு பயன் கிட்டவில்லை. 1967இல் அம்முடிவுகள் மறைக்கப்படாது நூலாக வெளிவந்தன. உளமாய நோயில் மருந்தே முதன்மை என்பதும், குடும்பத்தினருக்கு நோயை விளக்கி அவர்களைத் துணையாக்குதல் நோய் மீளுதலைக் குறைக்கும் என்பதும் இன்று நிலைபெற்ற கருத்துக்கள். தன் முறை உதவாத இடத்தை ஒப்புக்கொள்ளும் நேர்மை, சிகிச்சையாளனின் முதல் அறமாகக் கொள்ளத்தக்கது.

நோயுற்றவன்

நோயின் பெயர் தெரிந்தவுடன் சிகிச்சையின் பெயரும் தெரிந்துவிடுமெனின் அற வினாவுக்கு இடமிராது. ஆயின், நோயின் பெயரைச் சூட்டுபவர் யார் என்னும் வினா அதற்கு முன்னரே எழுகின்றது. இருபதாம் நூற்றாண்டில் ஒருபாற் காதல் நோயெனக் கணிக்கப்பட்டது. 1960களில் பிரித்தானியா முதலிய நாடுகளில், அவ்விருப்புடையோருக்கு மின்னதிர்ச்சியும் குமட்டலூட்டும் மருந்தும் கொடுத்து வெறுப்பூட்டும் சிகிச்சை நடத்தப்பட்டது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1973இல் அதனை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் அவ்வாறே செய்தது. அச்சிகிச்சையை அளித்தோரிற் பலர் தீயவரல்லர். துன்புறுவோர் தாமே நாடி வந்தனர் என்றும் அவர்கள் கூறினர். எனினும், அவர்களைத் துன்புறுத்தியது அவர்களது இயல்பா அல்லது அவ்வியல்பை இகழ்ந்த சமூகமா என்பதை அவர்கள் ஆராயவில்லை. நுட்பம் வளர்ந்திருந்தும், எதற்காக அந்நுட்பம் என்னும் வினா கேட்கப்படவில்லை. நடத்தைச் சிகிச்சை அச்ச நோயாளனுக்கு விடுதலை தந்த அதே காலத்தில், அதே கொள்கையின் பெயரால், நோயற்ற மனிதருக்குத் தண்டனையும் வழங்கியமை மறக்கற்பாலதன்று.

ஒவ்வொரு முறையும் மனிதனை ஒரு வடிவில் முன்னரே வரைந்து வைத்திருக்கின்றது. பிராய்டின் மனிதன் தன்னிடமிருந்தே தன்னை மறைப்பவன். நடத்தைவாதியின் மனிதன் கற்றதை மறக்கவும் புதியதைக் கற்கவும் வல்லவன். றொஜர்ஸின் மனிதன் தடையகன்றால் தானே வளர்பவன். நாசி வதைமுகாம்களிலிருந்து மீண்ட விக்டர் பிராங்கலின் மனிதன் வாழ்வுக்குப் பொருள் தேடுபவன். இச்சித்திரங்களில் எதுவும் பொய்யென்று கூறவியலாது, எதுவும் முழுமையுமன்று. சிகிச்சையாளன் தன் சித்திரத்தைத் துணைநாடியிடம் திணித்து, அதற்குப் பொருந்தாத பகுதிகளை ‘எதிர்ப்பு’ என்றும் ‘ஒத்துழையாமை’ என்றும் பெயரிட்டு ஒதுக்கும்போதே தவறு நேர்கின்றது.

இதனைத் தன் வாழ்விலிருந்தே அறிந்தவர் மார்ஷா லினெஹான். தம்மைத் தாமே காயப்படுத்தி, மீண்டும் மீண்டும் தற்கொலைக்கு முயலும் நோயாளருக்கென அவர் உருவாக்கிய சிகிச்சையின் முதலாவது பெரும் ஆய்வு 1991இல் வெளிவந்தது. முதலில் அவர் நடத்தை மாற்றத்தையே வலியுறுத்தினார். நோயாளரோ தாம் குற்றஞ்சாட்டப்படுவதாக உணர்ந்து விலகினர். பின்னர் உள்ளவாறே ஏற்றுக்கொள்ளலை வலியுறுத்தினார்; தம் வேதனையை மாற்ற எவரும் முயலவில்லை என்று அவர்கள் மனங்குமைந்தனர். ஆகவே, ஏற்றலும் மாற்றலும் ஒருங்கே இயங்கும் முறையொன்றை அவர் சமைத்தார். அதிற் சென் பௌத்தத்தின் விழிப்புநிலைப் பயிற்சியும் இடம்பெற்றது. தாமே பதினேழு வயதில் அத்தகைய நோயாளியாக மருத்துவமனையில் அடைபட்டிருந்ததை 2011இல் அவர் பகிரங்கமாகக் கூறினார். நோயாளரின் விலகலைக் குற்றமெனக் கொள்ளாது, தம் முறை திருந்த வேண்டியதன் அடையாளமெனக் கொண்டமையே அவரது வெற்றிக்குக் காரணம் எனலாம்.

முறையினை மனிதனுக்கேற்பத் திருத்துதல் பண்பாட்டு எல்லையைக் கடக்கும்போது இன்னும் இன்றியமையாததாகின்றது. தென்மேற்கு உகண்டாவில் 30 கிராமங்களில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு இதற்கு உதாரணம். ஆய்வாளர் முதலில் மக்களிடம் அவர்களது துன்பத்துக்கு அவர்களே வழங்கும் பெயர்களைக் கேட்டறிந்தனர். அதன்பின் ஆளிடை உறவுச் சிகிச்சையினை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே, குழுவாகக் கூடியிருந்து பேசும் வடிவில் அமைத்தனர். நடத்தியோர் உளமருத்துவர் அல்லர்; குறுகிய காலப் பயிற்சி பெற்ற உள்ளூரவர். 16 வாரங்களின் பின்னர், சிகிச்சை பெற்றோரில் 6.5 வீதத்தினரும் பெறாதோரில் 54.7 வீதத்தினரும் கடும் மனச்சோர்வு நிலையில் இருந்தனர். தனியாளின் எண்ணங்களைத் திருத்தும் முறையிலும், உறவுகளையே பொருளாகக் கொள்ளும் முறை அம்மக்களின் வாழ்வுக்குப் பொருத்தமானதெனக் கருதப்பட்டே தெரிந்தெடுக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்திற் போர்க்காலத்திற் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இவ்வழியில் முன்னோடியாவார். மேலைநாட்டுத் தளர்வுப் பயிற்சியினை அவ்வாறே கற்பியாது, சைவர்க்கு ஐந்தெழுத்து ஓதுதல், கத்தோலிக்கருக்குச் செபமாலை, இஸ்லாமியர்க்குத் திக்ர், பௌத்தர்க்குத் தியானம் என அவரவர் மரபிலுள்ள ஓதலையும் மூச்சுப் பயிற்சியையும் அவர் பயன்படுத்தினார். மந்திரத்தை மருந்தாக்குதல் அறிவியலாகுமா என்று வினவுவோர் உளர். உடல் தளர்ந்து மூச்சுச் சீராகுதல் ஓதுவார் எவரிடமும் நிகழ்வதே. மேலும், வேற்றாரிடம் கடன்வாங்கிய பயிற்சியினைக் காட்டிலும் பாட்டியிடம் கேட்டுப் பழகிய சொல்லையே மனிதர் நாள்தோறும் தவறாது பயில்வர். நம்பிக்கையற்றவனிடம் அதனைத் திணிப்பின் அதுவும் வேறொரு வகை வன்முறையாகும் என்பதும் கருதத்தக்கது.

காலம்

மூன்றாவதாகக் காலமும் சூழலும் நோக்கற்பாலன. ஒரு காலத்தில் உதவும் செயல் பிறிதொரு காலத்தில் தீங்காகலாம் என்பதற்குப் பேரிடரின் உடனடிப் பின்னரான ‘உளவிடரகற்றல்’ நேர்காணல் சான்றாகும். விபத்தோ அழிவோ நேர்ந்த சில நாட்களுக்குள், பாதிக்கப்பட்டோரை ஒருமுறை அமர்த்தி நிகழ்ந்ததையும் உணர்ந்ததையும் விரிவாகச் சொல்லச் செய்தால் பின்னைய மனவடு தடுக்கப்படும் என 1980களில் நம்பப்பட்டது. வேல்ஸில் தீக்காயமுற்றோரிடையே நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஆய்வில், பதின்மூன்று மாதங்களின் பின் அவ்வாறு நேர்காணப்பட்டோரில் 26 வீதத்தினரும் நேர்காணப்படாதோரில் 9 வீதத்தினரும் மனவடு நோயுற்றிருந்தனர். நேர்காணப்பட்ட குழுவினர் தொடக்கத்திலேயே சற்றுக் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தமையால், இவ்வோர் ஆய்வைக்கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. ஆயினும், 2002இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோரும், இம்முறை மனவடுவைத் தடுப்பதாகச் சான்றில்லை, கட்டாயமாக அளித்தல் நிறுத்தப்படல் வேண்டும் என்றே முடிவு செய்தனர். உள்ளம் தன்னைத் தானே மூடிக்கொள்வதும் சில வேளைகளில் அதன் மருத்துவமே.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கைக் கரையைத் தாக்கியபோது இக்கேள்வி நூலகத்தை விட்டு முகாம்களுக்கு வந்தது. பல நாடுகளிலிருந்தும் உளவளத்துணையாளர்கள் வந்திறங்கினர். அவர்களுட் பலர் மொழியறியாதவர். சில வாரங்களில் திரும்பிச் சென்றவர். உறவினரைப் புதைத்து மூன்றாம் நாளில் முன்பின் அறியாதவரிடம், மொழிபெயர்ப்பாளர் வாயிலாகத் தன் துயரத்தை உரைக்குமாறு கேட்கப்பட்டவர் எதனைப் பெற்றிருப்பர் என்பது சிந்தனைக்குரியது. அதேவேளை, வடகிழக்குக் கரையோரத்தில் போரும் ஆழிப்பேரலையும் ஒருங்கே தாக்கிய 31 சிறுவர்களிடையே உள்ளூர்த் துணையாளரைப் பயிற்றி நடத்தப்பட்ட ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் தம் வாழ்க்கைக் கதையை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லிக் கொடிய நிகழ்வுகளையும் அதனுள் அமைக்கும் சிகிச்சை பெற்றனர். மறு பகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றனர். ஆறு அமர்வுகளே நடைபெற்றன. ஆறு மாதங்களின் பின் முதற் பகுதியினரில் 81 வீதத்தினரும் இரண்டாம் பகுதியினரில் 71 வீதத்தினரும் நோய்நிலை நீங்கியிருந்தனர். தொகை சிறிதாதலால் எம்முறை மேலானதென இதனைக்கொண்டு கூறவியலாது. ஆயினும், உள்ளூரவரின் கையில், குழந்தையின் மொழியில், ஒழுங்குடன் அளிக்கப்படும் எளிய உதவியும் பயன் தருமென்று நம்ப இஃது இடமளிக்கின்றது.

சிகிச்சைமுறை யாதாயினும் பொருந்தாத துயரமும் ஒன்றுண்டு. போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. காணாமற்போனோரின் உறவினருக்கு அது முடியவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டம் அதன் வெளிப்பாடு. மகன் இறந்தானெனின் எட்டும் அந்தியேட்டியும் நடக்கும். கீரிமலையில் அஸ்தி கரையும். அழுகைக்கு ஒரு கரை இருக்கும். இறந்தானா இருக்கின்றானா என்று அறியாத தாய்க்குச் சடங்கும் இல்லை, ஆறுதலும் இல்லை. மனைவி பொட்டு வைப்பதும் குற்றமாகின்றது, வையாதிருப்பதும் குற்றமாகின்றது.

இத்தாயினை உளச்சிகிச்சையாளர் ஒருவரிடம் அழைத்துச் சென்றால் அவர் செய்யத்தக்கது யாது? துக்கத்தை ஏற்கச் செய்யும் முறையினைக் கையாண்டால், சான்று எதுவுமின்றி மகன் இறந்தானென ஒப்புக்கொள்ளுமாறு அவளைக் கேட்பதாகும். எண்ணங்களைச் சான்றுகளோடு ஒப்பிடும் அறிகை முறையினைக் கையாண்டால், சான்று இல்லாமையே அவள் துன்பமென்பதை மறந்ததாகும். மனவடுவை எதிர்கொள்ளச் செய்யும் முறை, முடிந்துபோன நிகழ்வு பற்றியது. இங்கே நிகழ்வு முடியவில்லை. அமெரிக்காவிற் போலின் பொஸ், வியட்நாம் போரிற் காணாமற்போன படையினரின் குடும்பங்களை ஆராய்ந்து, ‘தெளிவற்ற இழப்பு’ என்னும் கருத்தினை உருவாக்கினார். இத்தகைய குடும்பத்தினரிடம் நோயைக் காண்பதை விடுத்து, நிலைமையே நோயுற்றிருக்கின்றதென அவர்களுக்குக் கூறுதல் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அவன் வரக்கூடும், வராதும் போகக்கூடும் என்னும் இரு எண்ணங்களையும் ஒருங்கே தாங்கிக்கொண்டு, எஞ்சிய பிள்ளைகளோடும் அயலவரோடும் வாழப் பழகுவதே அவர் கூறும் வழி. துயரத்தை முடித்துவைத்தல் அவரது நோக்கமன்று.

இதனை ஏற்றுக்கொண்டாலும் ஒரு வினா எஞ்சுகின்றது. தாயின் துயரத்தைத் தணித்துவிட்டால் அவளது கேள்வியும் தணிந்துவிடுமா? தணிய வேண்டுமென விரும்புவோர் உண்டாயின், சிகிச்சையாளன் அறியாமலே அவர்களின் கருவியாகிவிடல் கூடும். அவள் துயரம் ஒரு நோய்க்குறி மட்டுமன்று. மகன் எங்கே என்னும் நியாயமான வினாவின் வடிவமும் அதுவே. காணாமற்போனோர் அலுவலகத்தை நிறுவும் சட்டம் 2016இல் இயற்றப்பட்டமை, அவ்வினாவுக்கு விடையளிக்கும் கடன் அரசுக்கு உண்டென்பதன் ஒப்புதலேயாகும். உறக்கமின்மையைத் தணித்தல் சிகிச்சையாளனின் கடன். கேள்வியைத் தணித்தல் அவனது உரிமையில் அடங்காது. தூங்கியெழுந்து, உணவுண்டு, மறுநாளும் அதே வினாவைக் கேட்கும் வலிமையை அவள் பெறுவாளாயின் அச்சிகிச்சை வெற்றியே.

சூழலின் பங்கினைப் பிறிதொரு சான்றும் உணர்த்தும். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 ஆக உயர்ந்து, உலகின் மிகக் கூடிய வீதங்களுள் ஒன்றாயிற்று. அடுத்த பத்தாண்டுகளில் அது பாதியளவாகக் குறைந்தமைக்கு ஆய்வாளர் கூறும் முதன்மைக் காரணம், கொடிய நச்சுத்தன்மையுடைய பீடைகொல்லிகள் தடைசெய்யப்பட்டமையாகும். கணநேர வேகத்தில் கைக்கெட்டிய போத்தலை எடுத்தவருட் பலர், அது அத்துணைக் கொடியதாக இல்லாமையால் உயிர் தப்பினர். 1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோ போன்ற அமைப்புகளின் செவிமடுத்தலுக்கு உள்ள மதிப்பினை இது குறைப்பதன்று. ஒருவரின் உள்ளத்தைக் காக்கச் சில வேளைகளில் அவ்வுள்ளத்துக்கு வெளியே உள்ளதை மாற்றுதல் வேண்டும் என்பதையே இது கற்பிக்கின்றது.

இதுவரை கூறியவற்றுக்கு எதிராக இரு தடைகள் எழுப்பப்படலாம். நோயுற்றவனின் பண்பாட்டுக்கும் விருப்புக்கும் இத்துணை இடமளித்தால், அவனுக்கு ஆறுதல் தரும் எதுவும் சிகிச்சையாகிவிடாதா என்பது ஒன்று. ஆகாது. தீக்காயமுற்றோரில் நேர்காணலை விரும்பியோரும் இருந்திருப்பர். விருப்பம் பயனுக்குச் சான்றாகாது. எண்ணச் சுழற்சியுற்றவன் வேண்டுவது ஆறுதல். அவனுக்கு உதவுவது ஆறுதலை மறுத்தல். சான்றினால் முறையின் பயனை அளக்கவேண்டும். எப்பயனை நாடுவது என்பதை நோயுற்றவனே கூறவேண்டும். முன்னதை அவனிடம் விட்டுவிடுதல் கடமை தவறுதல். பின்னதை அவனிடமிருந்து பறித்தல் அத்துமீறல்.

பொதுக் கூறுகளே பயனுக்குக் காரணமெனின் சிறப்பு முறைகளைக் கற்பதேன் என்பது மற்றொன்று. நல்லுறவின்றி எம்முறையும் வேரூன்றாது என்பதை ஆய்வுகள் பெரும்பாலும் உறுதிப்படுத்துகின்றன. எனினும், உறவு மண்ணைப் போன்றது. மண் நன்றாயிருத்தலால் எவ்விதையை எப்பருவத்தில் இடுவதென்னும் அறிவு வேண்டாததாகிவிடாது. அன்புள்ள துணையாளர் ஒருவர் எண்ணச் சுழற்சி நோயாளனை ஆண்டுக்கணக்காக ஆறுதல்படுத்தி, அவனது நோயோடு நட்புப் பூண்டிருத்தல் கூடும். நுட்பம் தேர்ந்த துணையாளர் ஒருவர், மகனைத் தேடும் தாயிடம் வினாக்கொத்தொன்றை நிரப்பச் செய்து, அவளை ஓர் எண்ணாக்கிவிடுதலும் கூடும். முன்னவரிடம் இல்லாதது அறிவு. பின்னவரிடம் இல்லாதது மதிப்பு.

பல்கலைக்கழகங்களில் உளவியலும் உளவளத்துணையும் பயின்று வெளியேறும் இளைஞரின் கையில் இன்று முறைகள் பல உள்ளன. கையில் உள்ள முறைக்கேற்ப மனிதனைத் தேடுவது எளிது. எதிரே அமர்ந்திருக்கும் மனிதனுக்கேற்ப முறையைத் தேடுவது கடினம். முதலில் அவர் யாரெனக் கேட்டு, அவரை வருத்துவது யாதெனக் கண்டு, இஃது அதற்குரிய காலமாவென எண்ணி, தன்னால் இயலாதாயின் இயன்றவரிடம் அவரை அனுப்பிவைக்கும் பணிவே உளச்சிகிச்சையின் அறமாகும். அப்பணிவு இல்லாதவிடத்துச் சிறந்த முறையும் பிறர் வாழ்வின்மீது செலுத்தப்படும் ஆட்சியாகிவிடும்.